ஏழாம் பாத்தி நத்தை

எங்கள் நர்சரியில் அவளுக்கு நத்தை என்று பெயர். தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணன் வைத்த பெயர் அது. மற்றவர்கள் ஒரு பாத்தியைக் களையெடுத்து முடித்துக் கை கழுவப் போகும் நேரத்தில் அவள் பாதிப் பாத்தியில்தான் இருப்பாள். "தொட்டியில நத்தை ஊர்ந்தா பொறுக்கி வாளியில போடுறோம். இவங்களை எந்த வாளியில போடறது?" என்று அவர் ஒருநாள் கேட்டார். அவளே முதலில் சிரித்தாள். "பெரிய வாளியா பாருங்கண்ணே, எனக்கு முட்டி மடங்காது" என்றாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு போகவில்லை.

அவள் என் ஓரகத்தி. என் கணவருடைய தம்பியின் மனைவி. ஆளுக்கு ஓர் அறை, நடுவில் பொதுவாக ஒரு சமையலறை என்று பதினாறு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். ஓரகத்திகள் என்றால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்க வேண்டுமே என்று அக்கம்பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு என்னுடைய பொறுமைதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

என் கொழுந்தன் தூரத்தில் கட்டட வேலை செய்கிறவர். வருடத்தில் இரண்டு முறை வருவார். ஒன்பது வருடத்துக்கு முன்பு அவள் கையில் வேலை எதுவும் இல்லாமல் இருந்தபோது நான்தான் முதலாளியிடம் பேசி நர்சரியில் சேர்த்துவிட்டேன். அப்போது நான் களை எடுக்கிற பெண்களுக்குத் தலைமை. எல்லாரும் என்னைப் பெரியக்கா என்பார்கள். "அக்கா வாங்கிக் கொடுத்த வேலை" என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எனக்குக் கேட்க இதமாக இருக்கும்.

எங்கள் நர்சரியில் பன்னிரண்டு பாத்திகள். மேலே கறுப்பு வலை, தரையில் கறுப்பு விரிப்பு, அதன்மேல் இடைவெளி இல்லாமல் தொட்டிகள். செம்பருத்தி, குரோட்டன்ஸ், காகிதப்பூ. தொட்டியில் முளைக்கிற களை வயலில் முளைக்கிற களை மாதிரி இல்லை. ஒரு சாண் மண்ணில் செடியும் களையும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிற கதைதான். கண்டவுடன் பிடுங்க வேண்டும். நாங்கள் பிடுங்குவோம். அவள் பிடுங்குவதற்கு முன்னால் இலையைத் திருப்பிப் பார்ப்பாள். தண்டை விரலால் தடவுவாள். சில நேரம் படிக்கிற கண்ணாடியைக் கழற்றிச் செடிமேல் பிடித்துப் பார்ப்பாள். பிறகுதான் வாளிக்குப் போகும்.

"பிடுங்கப்போற செடிக்கு என்ன ஜாதகம் பாக்கறே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாரு வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா எப்படி அனுப்பணும்னு தெரியும்ல" என்றாள் இவள்.

அது வெறும் பேச்சு இல்லை. புளியாரை என்று நாங்கள் ஒரே வாளியில் போடுகிற களையில் இரண்டு வகை இருப்பதை அவள்தான் கண்டாள். ஒன்று ஒரே வேரில் நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று படர்ந்து போகிற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே போகும். முதல் வகையைப் பிடித்து இழுத்தால் முழுதாக வரும். இரண்டாவதை இழுத்தால் பாதி கையோடு வரும், பாதி தொட்டியிலேயே இருந்து பத்து நாளில் சிரிக்கும். அதனால் அதற்கு மட்டும் அவள் ஒரு மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு கணுக்கணுவாக எடுப்பாள். பால் வடிகிற சின்னக் களைகளிலும் அப்படித்தான். தரையோடு ஒட்டிக் கிடக்கிற இரண்டும் நம் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்றின் காயில் உடம்பு முழுக்க மயிர், மற்றதில் விளிம்பில் மட்டும் மயிர் என்பாள். அப்படிக் கூர்ந்து பார்க்கிற கண் அவளுக்கு. அவள் பாத்தியில் ஒரு முறை எடுத்த களை திரும்ப வருவது குறைவு. எங்கள் பாத்திகளில் வாரா வாரம் வரும். இதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வேகம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

என்னுடைய பங்கை இனிச் சொல்ல வேண்டும்.

என் மூத்த மகனுக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். டாக்டர் மருந்து கொடுத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாள். எது கேட்டதோ, பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். நான் கடவுளிடம், "இந்தச் செடியை என் கையால் குப்பையில் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். கடவுள் கேட்கவில்லை, நானாகச் சொன்னதுதான்.

களை எடுக்கிற தலைமைக்காரி இப்படி ஒரு வாக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? தொட்டியில் கீழாநெல்லி வந்தால் நான் வேரோடு எடுப்பேன், ஆனால் வாளியில் போடமாட்டேன். ஏழாம் பாத்தியின் கடைசியில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதன் அடியில் எப்போதும் ஈரம். அங்கே கொண்டுபோய் ஊன்றிவிடுவேன். யாரும் கேட்கவில்லை. தலைமைக்காரியை யார் கேட்பார்கள்? சில வருடத்தில் குழாயடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பச்சைப் படுக்கையே வளர்ந்துவிட்டது. காலையில் அதைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

ஏழாம் பாத்தி அவளுடையது. சேர்ந்த இரண்டாம் வருடமே அவள் குழாயடிச் செடியில் கை வைக்கப் போனாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு கிளையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இது கீழாநெல்லி மாதிரி இருக்கு. ஆனா அது இல்ல."

"கீழாநெல்லியை எனக்கு நீ காட்டித் தரப் போறியா?"

"அதுல காய் மெல்லிசா ஒரு காம்புல தொங்கும்க்கா, வழவழன்னு இருக்கும். இதுல காம்பே இல்ல, தண்டோட ஒட்டிக்கிட்டு சொரசொரன்னு இருக்கு. தண்டும் சிவப்போடுது. நீங்களே தொட்டுப் பாருங்க."

நான் தொட்டுப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு நொடி பார்த்திருந்தால் போதும். என்னைவிடப் பிறகு வந்தவள், நான் வேலை வாங்கிக் கொடுத்தவள், எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குச் சொல்லித் தருகிறாளே என்ற எண்ணம் கழுத்தைக் குனிய விடவில்லை. "அதுல கை வைக்காதே. நான் சொல்றேன்ல" என்றேன். சரிக்கா என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. என்னைத் தாண்டி யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. குழாயடி ஓரத்துத் தொட்டிகளை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு தடவை அதிகமாகப் பார்ப்பாள். அவள் நத்தையாக ஊர்ந்ததில் பாதி அதனால்தான். அந்தக் காய் முற்றினால் தெறித்து விதையை வீசும். நான் ஊன்ற ஊன்ற, அவள் அந்த விதை முளைத்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழு வருடம்.

போன வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. மூவாயிரம் தொட்டிச் செம்பருத்தி, வேறு நாட்டுக்கு. சூப்பர்வைசர் தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து டீ குடிக்கிற கொட்டகைச் சுவரில் ஒட்டினார். வாங்குகிறவர்கள் நாட்டில் நுழையவே கூடாத களைகள் என்று ஐந்து படம். நகல் எடுத்து நகல் எடுத்துக் கறுத்துப்போன படம். நாலாவது படத்தைப் பார்த்ததும் எனக்குக் கீழாநெல்லி என்றுதான் தோன்றியது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தால் படித்திருப்பேன். எல்லார் முன்னாலும் வாயை அசைத்து அசைத்துப் படிக்க வெட்கமாக இருந்தது.

தம்பி என்னிடம் வந்து, "பெரியக்கா, இதுல எதுவும் நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. நம்மகிட்ட இருக்கறது நல்ல வகை" என்றேன்.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் சமையலறையில், "அக்கா, அந்தக் குழாயடியை மட்டும் ஒரு நாள் சுத்தம் பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள். "செடிக்கும் எனக்கும் கடவுளுக்கும் உள்ளது அது. நடுவுல நீ வராதே" என்றேன். கடவுளைக் கதவுக்குத் தாழ்ப்பாளாக வைத்தேன் அன்றைக்கு.

சரியாக அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். எட்டு நாள் படுத்திருந்தாள். ஏழாம் பாத்தியையும் சேர்த்து நானே பார்த்தேன். என் வேகத்தில் பார்த்தேன். அவள் திரும்பி வந்த மூன்றாம் நாள், அவள் இன்னும் பாத்தியின் கால்வாசியைக்கூடத் தாண்டாத நேரத்தில், பரிசோதனைக்கு ஆள் வந்துவிட்டார்.

அரசாங்க அலுவலகத்திலிருந்து வருகிறவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். அதனால் எங்களுக்கு அவர் லென்ஸ்காரர். லாரியில் பாதிச் சரக்கு ஏறியிருந்தது. அவர் அங்கொன்று இங்கொன்றாக நாற்பது தொட்டிகளைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். சத்தம் போடாமல், அவசரப்படாமல் பார்த்தார். ஒரு தொட்டியில் விரல் உயரத்துக்கு ஒரு முளை. அதை எடுத்துத் திருப்பி லென்ஸை வைத்தார். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. சுவரில் ஒட்டிய நாலாவது படத்துச் செடி. நாற்பதில் பதினொன்றில் இருந்தது. பதினொன்றும் ஏழாம் பாத்தித் தொட்டிகள்.

"ஏத்தினதை இறக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

சூப்பர்வைசர் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ரத்தம் ஏறியது. "ஏழாம் பாத்தி யாரோடது?" என்று கத்தினார். அவருக்குத் தெரியாதா என்ன. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

நான் என் வாளியைப் பார்த்தேன். வாளிக்குள் நாலு புளியாரை, ஒரு கோரைப் புல் கிடந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு கவனமாகப் பார்த்தேன்.

"என்னுதுதான் தம்பி" என்றாள் அவள்.

"சுவத்துல படம் ஒட்டியிருக்கு. நீங்க படிச்சவங்க. ஒவ்வொரு இலையா திருப்பித் திருப்பிப் பார்ப்பீங்களே, எதைத்தான் பாத்தீங்க?"

யாரோ பின்னால், நத்தை இவ்வளவு ஊர்ந்தது இதுக்குத்தானா என்று சொன்னது காதில் விழுந்தது. எட்டு நாள் அவள் காய்ச்சலில் கிடந்ததும், அந்த எட்டு நாளும் பாத்தி என் கையில் இருந்ததும் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதை நினைக்கவில்லை. பெரியக்கா பார்த்த பாத்தியில் களை இருக்காது என்று அவர்களுக்கு நம்பிக்கை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தம்பி சொன்னார். அவள் கையுறையைக் கழற்றி, மண்ணை உதறி, ஜோடி சேர்த்து மடித்துக் குழாய்மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் மென்று விழுங்கிக்கொண்டு நின்றேன். நாக்கு இருந்தது, வாய் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்குப் போனால் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உங்களுக்குக் காரம் கம்மியா போட்டிருக்கேன்க்கா" என்றாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி, அழுது, எப்படியோ தீர்ந்திருக்கும். அவள் எனக்கு அந்த வழியையும் வைக்கவில்லை. நான் ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். தினமும் சொல்கிற வார்த்தைகள்தான். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதே இடத்தில் நின்றது.

மறுநாள் விடிந்து நர்சரிக்குப் போனதும் யாரும் வருவதற்கு முன் குழாயடியில் குனிந்தேன். ஒரு கிளையைத் திருப்பினேன். காய்கள் தண்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. விரலில் சொரசொரத்தன. இன்னொரு கிளை, இன்னொரு செடி, படுக்கையின் இந்த மூலை, அந்த மூலை. தொங்குகிற காம்பு ஒன்றுகூட இல்லை. என் பிள்ளைக்குக் கொடுத்த செடி அதில் ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் நான் யாருக்குக் கும்பிடு போட்டேன் என்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூட்டமாக ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன், அதற்கு மட்டும் தெம்பு இருந்தது.

அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் தம்பியின் அறைக்குப் போனேன். "என்ன பெரியக்கா?" என்றார். "கையுறை கிழிஞ்சிடுச்சு தம்பி" என்றேன். புது ஜோடி கொடுத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி போனேன். அன்றைக்கும் கையுறை. மூன்றாம் முறை போனபோது, "அக்கா, கையுறையைச் சாப்பிடறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். அவர் சிரித்ததும் நானும் சிரித்தேன். வெளியே வந்து மூன்று ஜோடிப் புதுக் கையுறையையும் மடியில் வைத்துக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அவள் அதற்குள் மாணவர் விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இருநூறு பிள்ளைகள் சாப்பிட்ட தட்டு. குனிந்து உட்கார்ந்து கழுவுகிற வேலை. மடங்காத முட்டியோடு சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். முட்டிக்கு எண்ணெய் தடவும்போது கதவைச் சாத்திக்கொள்வாள், நான் பார்க்க வேண்டாம் என்று. கொழுந்தன் போனில் கேட்டபோது, "நர்சரியில வேலை கம்மியாயிடுச்சு" என்று சொன்னாள். என் கணவர் சாப்பிடும்போது, "அவ அப்படி அஜாக்கிரதையா இருக்கற ஆளே இல்லையே" என்றார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து லென்ஸ்காரர் மறுபடி வந்தார். எல்லாத் தொட்டியையும் சுத்தம் செய்துவிட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ஏழாம் பாத்தியில் புதிதாக நின்ற பெண் கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் பிடுங்கியிருந்தாள். அவர் இருபது தொட்டி பார்த்தார். மூன்றில் புது முளை. அவர் கோபப்படவில்லை. "இது தொட்டியில பிறந்தது இல்ல. பக்கத்துல எங்கியோ தாய் இருக்கு. அதைக் கண்டுபிடிக்காம நீங்க எத்தனை தடவை பிடுங்கினாலும் இதுதான்" என்றார். சூப்பர்வைசர் தம்பி தலையைச் சொறிந்தார். "அந்தம்மா வேலையை ஒழுங்கா செஞ்சிருந்தா இது இவ்வளவு தூரம் பரவியிருக்காது சார்" என்றார்.

அவள் அங்கே இல்லை. இல்லாத ஆளின் தலையில் இன்னொரு கூடையும் ஏறுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாளியைப் பார்க்க என்னால் முடியவில்லை. தைரியம் வந்தது என்று சொல்லமாட்டேன். பயத்தைவிட அருவருப்பு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

"சார், இங்க வாங்க" என்றேன்.

குழாயடிக்குக் கூட்டிப்போனேன். அவர் ஒரு கிளையைத் திருப்பினார். லென்ஸைத் தொடவே இல்லை. "இதை யாரு இப்படி வளர்த்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். கீழாநெல்லின்னு நெனச்சு ஊன்றினேன். ஏழு வருஷம் முன்னாடியே அது இல்லன்னு என் ஓரகத்தி சொன்னா. நான் கேக்கல. பிடுங்கட்டுமான்னு கேட்டா, விடல. அவ காய்ச்சல்ல கெடந்தப்ப அந்தப் பாத்தியை பாத்ததும் நான்தான்."

தண்ணீர் பாய்ச்சுகிற அண்ணன் குழாயை மூடினார். அந்தச் சத்தம் நின்றதும் எல்லாருக்கும் எல்லாம் கேட்டது.

சூப்பர்வைசர் தம்பி என்னைத் திட்டவில்லை. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்க்கா உங்களுக்கு" என்றார். பிறகு, "அன்னைக்கு இங்கதானே நின்னீங்க" என்றார். இந்த இரண்டையும் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூனிக் குறுகி நிற்பது என்பார்களே, அப்போது உடம்பே அப்படித்தான் சுருங்குகிறது.

லென்ஸ்காரர் மட்டும் பெரிய மனசோடு, "தெரியாம ரொம்ப பேர் இதை வெச்சிருக்காங்கம்மா. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி" என்றார். "தெரியாமதான் வெச்சேன் சார். தெரிஞ்சப்புறம் பதினாலு நாள் சும்மா இருந்தேன்" என்றேன்.

அந்தப் படுக்கையை நானே பிடுங்கினேன். ஒவ்வொரு செடியாக, காய் தெறிக்காமல் பையைக் கவிழ்த்து மூடி, வேரோடு. கடவுளிடம் மன்னிப்புக் கேட்டேன். செடிக்காக இல்லை. முடிந்ததும் சூப்பர்வைசர் தம்பி, நீங்களே போய்க் கூப்பிடுங்க என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான்தான் போயிருக்க வேண்டும்.

விடுதியின் பின்பக்கம் சிமெண்டுத் தரையில் ஒரு பலகை போட்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் தட்டுகள் கோபுரமாக நின்றன. என்னைப் பார்த்ததும் வீட்டில் யாருக்காவது ஏதாவதோ என்று பயந்து எழப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் யார் முன்னால் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"தண்ணிக்கார அண்ணன் இருந்தாரா?" என்று கேட்டாள்.

"இருந்தார்."

"ம்" என்றாள். ஒரு தட்டைத் தேய்த்து முடித்தாள்.

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல? நான்தான்னு உனக்குத் தெரியும்ல."

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்க்கா." அடுத்த தட்டை எடுத்துக்கொண்டு, "கிளம்பற வரைக்கும் நெனச்சேன். அதான் கையுறையை அவ்வளவு நேரம் மடிச்சேன்" என்றாள்.

"தம்பி உன்னை வரச் சொன்னார். இப்பவே" என்றேன்.

"நாளைக்கு வரேன். இங்க பாதி கெடக்கு பாருங்க. விட்டுட்டு வந்தா இதுவும் என் பேர்லதான் போகும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பலகையில் நகர்ந்து இடம் விடவும் இல்லை. நான் ஈரத் தரையில் உட்கார்ந்து அலசினேன், அவள் தேய்த்தாள்.

மறுநாள் வந்தாள். மூவாயிரம் தொட்டியையும் அவள் சொன்ன மாதிரி பதினேழு நாள் பார்த்தோம். தண்ணீர்க்கார அண்ணன்கூட ஓய்ந்த நேரத்தில் வந்து இலையைத் திருப்பி, "நத்தையம்மா, இது எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். லாரி ஏறியது. இப்போது களைப் பெண்களுக்கு அவள்தான் தலைமை. அவள் உட்கார்ந்து பார்க்க உயரமான ஒரு முக்காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நாலாம் பாத்தி. வீட்டில் அதே சமையலறை, அதே பேச்சு, எனக்கு அதே காரம் குறைந்த குழம்பு. வேலையிலும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஒன்று மட்டும் இருக்கிறது. பத்து மணிக்கு நாங்கள் டீ குடிக்கக் கொட்டகைக்குப் போனதும் அவள் பின்தங்கிவிடுவாள். நான் காலையில் முடித்த வரிசையில் போய் ஒவ்வொரு தொட்டியாக மறுபடி பார்ப்பாள். மற்றவர்கள் பாத்திகளில் அப்படிச் செய்வதில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கொட்டகை மூங்கில் இடுக்கு வழியாகத் தெரியும். நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். அவள் அவசரப்படாமல் முடிக்கட்டும் என்று டீயை மெதுவாகக் குடிப்பேன்.